மகிழ்ச்சியை நெய்தவர் யார்?

‘மனத்திற்கு இதமாக இருந்தது’ என்பதே ஒரு திரைப்படத்தைப் பற்றி நம் இல்லங்களில் இன்று சொல்லப்படும் உயர்ந்த பாராட்டு. கதை செம்மையானதா, நடிப்புத் தேர்ந்ததா என்னும் கேள்விகள் பின்னுக்குச் சென்று, பார்த்து முடித்தபின் நெஞ்சு இலேசானதா என்னும் ஒன்றே அளவுகோலாகி வருகிறது. கண்களில் சிறிது நீர், இதழ்களில் சிறிது முறுவல், உலகம் முற்றிலும் கெட்டுவிடவில்லை என்னும் ஓர் ஆறுதல். இம்மூன்றையும் தருகிற படங்கள் தனி வகையாகவே எண்ணப்படுகின்றன. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் இத்தகைய படங்களைத் தேடிச் செல்வதில் வியப்பில்லை.

இவற்றை இகழ்வோர் இரு திறத்தார். கலையறிஞர் சிலர், துயரத்தைக் காட்டுவதே உண்மை, மகிழ்ச்சியைக் காட்டுவது ஏமாற்று என்பர். பக்தியுடையோர் சிலரோ, சிரித்துக் கழிக்கும் நேரம் ஆன்மாவிற்கு இழப்பு என்பர். முன்னவர் வாழ்வை அரைப்பாகமாகக் காண்கின்றனர். பின்னவர் திருச்சபையின் பெரியோர் சொன்னதை மறந்துவிடுகின்றனர்.

வில்லும் நாணும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினாஸ், இறையியல் சுருக்கம் என்னும் தம் பெருநூலில், விளையாட்டையும் நகைச்சுவையையும் பற்றிப் பேசத் தனியே இடம் ஒதுக்கினார். அங்கு அவர் ஒரு பழங்கதையை எடுத்துக்காட்டுகிறார். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடருடன் விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்டு சிலர் இடறலுற்றனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து, அம்பெய்யுமாறு பணித்தார் யோவான். அவன் பலமுறை எய்தபின், ‘இவ்வாறே ஓயாது எய்துகொண்டிருக்க இயலுமா?’ என்று வினவினார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். ஒருபோதும் தளர்த்தப்படாத மனமும் அவ்வாறே முறியும் என்பது யோவானின் விடை. அக்குவினாஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். பிறர் மகிழ்வதற்கு எவ்வகையிலும் துணைநில்லாது, அவர்தம் மகிழ்வையும் கெடுப்பவர் குறையுடையவரே என்கிறார். எனவே மனத்தை இலேசாக்கும் கலை நமக்கு அந்நியமானது அன்று.

சினிமாவின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கானின் சமூகத் தொடர்பு மன்றம் 45 படங்களைச் சமயம், விழுமியங்கள், கலை என்னும் மூன்று தலைப்புகளின்கீழ்த் தேர்ந்து வெளியிட்டது. அப்பட்டியலில் மனத்தைக் கலக்கும் படங்கள் பல உண்டு. ஆயினும் மனத்தை உயர்த்தும் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’, சிறுவர் உள்ளம் கவர்ந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ ஆகியனவும் அதில் உள்ளன. ஆதலின், இத்தகைய படங்களைப் பார்க்கலாமா என்பது இனியும் கேள்வியன்று. எத்தகைய மகிழ்ச்சியை அவை தருகின்றன, அது யாருடைய உழைப்பில் விளைந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய கேள்வி.

இக்கேள்வியை எழுப்பக் காஞ்சிபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மகிழ்வாய் முடியும் நம் தமிழ்ப் படங்களின் இறுதிக் காட்சியை நினைவுகூர்வோம். நாகசுரம் ஒலிக்கிறது, பகைத்தவர் கைகோக்கின்றனர், மணப்பெண் கூறைப்பட்டு உடுத்தி வந்து அமர்கிறாள். முற்காலத்தில் அதன்மேல் ‘சுபம்’ என்ற எழுத்துகள் தோன்றும். அந்தப் பட்டுப் புடவையே நம் மனத்தில் மகிழ்ச்சியின் சின்னமாகப் பதிந்திருக்கிறது. அதனை நெய்தவர் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில், குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்து, பல நாள் நாடா எறிந்தவர். படத்தின் எந்தக் காட்சியிலும் அவர் வருவதில்லை.

காஞ்சி மைந்தர் தந்த கதை

நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909-இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, திரைக்கதை ஆசிரியராகவும் விளங்கினார் என்பதை யாவரும் அறிவர். அவர் எழுதி 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ ஓர் அமெரிக்கப் படத்தின் தழுவல் என்பதைப் பலர் அறியார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நாயகராக நடிக்க, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படத்திற்கு வித்தாய் அமைந்தது 1936-இல் வந்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’. அதனை இயக்கியவர் பிராங்க் காப்ரா. சிசிலித் தீவில் 1897-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்காவில் குடியேறியவர் அவர். மனத்தை இலேசாக்கும் படவகைக்கு இலக்கணம் வகுத்தவர் என்று அவரையே உலகம் இன்றளவும் சொல்கிறது.

இரு படங்களின் கருவும் எளியது. நாட்டுப்புறத்து மனிதர் ஒருவருக்கு எதிர்பாராது பெருஞ்செல்வம் வருகிறது; அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது மக்களுக்குப் பயன்படுத்த அவர் முனைகிறார். இங்குக் காப்ரா செய்த ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் துவண்டிருந்த காலம் அது. நாயகன் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் கதையின் நடுவே, நிலமிழந்த உழவன் ஒருவன் கையில் துப்பாக்கியுடன் புகுந்து, பசித்திருப்போரை எண்ணிப் பார்த்தாயா என்று கேட்கிறான். அக்கேள்விக்குப் பின்னரே செல்வத்தைப் பகிரும் எண்ணம் நாயகனுக்கு உதிக்கிறது. மகிழ்ச்சிக்குள் பசித்தவனின் குரலை நுழையவிட்டதுதான் அப்படத்தின் பெருமை.

அண்ணாவும் கலைவாணரும் அதே வழியில் நடந்தனர். ‘நல்லதம்பி’யில் இடம்பெற்ற கிந்தனார் கதாகாலட்சேபம் இதற்குச் சான்று. நந்தனார் கோவிலுக்குப் போக ஏங்கினார். கிந்தனாரோ பள்ளிக்கூடத்திற்குப் போக ஏங்குகிறார். வயிறு குலுங்கச் சிரித்த மக்கள், சிரித்து முடிக்கும்போது ஒடுக்கப்பட்ட பிள்ளையின் கல்வி உரிமையையும் ஏற்றுக்கொண்டிருந்தனர். கொலை வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருந்து, பின் 1947-இல் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டவர் கலைவாணர் என்பதையும் இங்கு எண்ணவேண்டும். துயரத்தை அறியாதவரின் சிரிப்பன்று அது. சமயத்தைப் பற்றிய அண்ணாவின் கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. எனினும் சிரிப்பு எளியோர் பக்கம் நிற்கவேண்டும் என்னும் அவர்தம் பார்வையில் நமக்கு வேற்றுமை இல்லை.

கடன் சங்கத்து மனிதர்

காப்ராவின் மற்றொரு படமான ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ 1946-இல் வெளிவந்தது. அப்போது அது பெரிதாக ஓடவில்லை. 1974-இல் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் திரையிடத் தொடங்கின. அதன்பின் அது பல நாடுகளில் கிறிஸ்து பிறப்புக் காலத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

கதைநாயகன் ஜார்ஜ் பெய்லி சிற்றூர் ஒன்றில் வீட்டுக்கடன் சங்கம் நடத்துகிறார். எளிய மக்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, அவர்களுக்கே வீடு கட்டக் கடன் வழங்கும் சங்கம் அது. நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நெருங்கிய உறவு. ஊரின் செல்வரான பாட்டர் அதனை விழுங்கக் காத்திருக்கிறார். உலகைச் சுற்றிவர ஆசைப்பட்ட ஜார்ஜ், சங்கத்திற்காக ஊரைவிட்டு வெளியேறாமலே வாழ்ந்துவிடுகிறார். மக்கள் பதறிப் பணத்தைத் திரும்பக் கேட்டுக் குவிந்த நாளில், தேனிலவுக்கென வைத்திருந்த தம் சொந்தப் பணத்தை எடுத்து அவர்களுக்கு வழங்குகிறார். மாலையில் சங்கத்தில் எஞ்சியவை இரண்டே டாலர்.

பின்னர், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், சங்கத்தின் 8,000 டாலர் தொலைந்துபோகிறது. பழி தம்மேல் விழும் நிலையில் ஜார்ஜ் ஆற்றுப்பாலத்தில் சாகத் துணிகிறார். காவல்தூதர் ஒருவர் வந்து, அவர் பிறவாதிருந்தால் ஊர் எவ்வாறிருக்கும் எனக் காட்டுகிறார். மனம் மாறி வீடு திரும்பியவரை நோக்கி, ஊர் மக்கள் கையில் கிடைத்த பணத்தோடு வந்து குவிகின்றனர்.

இதனை வெறும் இனிப்பு என்று தள்ளிவிடுவோர், இரண்டை நோக்குவதில்லை. முதலாவது, தொலைந்த பணம் பாட்டரின் கையிலேயே இருக்கிறது. இறுதிவரை அவர் அதைத் திருப்பித் தருவதில்லை, தண்டிக்கப்படுவதுமில்லை. நம் படங்களில் கடைசி நிமிடத்தில் வில்லன் மனந்திருந்துவதுபோல இங்கு நிகழ்வதில்லை. தீமை தன் இடத்தில் அப்படியே அமர்ந்திருக்க, ஒரு மனிதன் தனித்துவிடப்படவில்லை என்பது மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறது. இரண்டாவது, படம் தொடங்குவதே அவருக்காக ஊரார் செய்யும் மன்றாட்டுக் குரல்களோடுதான். வானதூதர் இறங்கிவருவதற்கு முன்னே அயலாரின் வேண்டுதல் மேலே சென்றிருக்கிறது.

குறை இல்லாமலில்லை. ஜார்ஜ் பிறவாத உலகில் அவருடைய மனைவி மணமாகாத நூலகராய் இருக்கிறார். அதைப் பேரிடராகவே படம் காட்டுகிறது. மணவாழ்வு மேற்கொள்ளாது நிறைவோடு வாழும் அருட்சகோதரியர் இக்காட்சியைக் கண்டால் சிரிக்கவே செய்வர்.

காஞ்சிவரம்: திறவாத கதவுகள்

இனி நம் ஊரின் பெயரையே தாங்கிய படத்திற்கு வருவோம். பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2008-இல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2009-இல் திரையரங்குகளுக்கு வந்தது. 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வுற்றது; நாயகராக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகரானார். மனத்தை இலேசாக்கும் படமன்று இது. மனத்தின்மேல் கல்லை வைக்கும் படம். ஆயினும் மேற்சொன்ன அமெரிக்கப் படத்தோடு இதனை அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும்.

விடுதலைக்கு முற்பட்ட காலத்துக் காஞ்சி. பட்டு நெய்யும் வேங்கடம், பிறந்த மகளுக்குப் பட்டுப் புடவை கட்டித் திருமணம் செய்து வைப்பதாக வாக்களிக்கிறார். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் ஒரு பட்டு வாங்க வழியில்லாத வறுமை. எனவே வேலை முடிந்து வரும்போது ஒரு சிறிது பட்டிழையை வாயில் ஒளித்துக் கொணர்ந்து, வீட்டில் மறைவாக ஒரு புடவை நெய்கிறார். பின்னர், கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் திரண்டு வேலைநிறுத்தம் செய்கின்றனர். அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற வேங்கடத்திற்கு மகளின் திருமணம் நெருங்குகிறது. இழை வேண்டும். தம் தோழரை வேலைக்குத் திரும்பச் செய்கிறார். மீண்டும் இழை திருடுகிறார். பிடிபட்டுச் சிறை செல்கிறார். திருமணம் நின்றுபோகிறது. மகள் கிணற்றில் விழுந்து கைகால் அசையாதவளாகிறாள். அவளைப் பேண எவரும் இல்லை. இரண்டு நாள் விடுப்பில் வரும் தந்தை அவளுக்கு நஞ்சூட்டிவிட்டு, நெய்து முடியாத அந்தப் புடவையால் அவள் உடலைப் போர்த்துகிறார். புடவை போதவில்லை.

தந்தையின் இறுதிச் செயலை நம் விசுவாசம் ஏற்பதில்லை. உயிர் அவர் தந்ததன்று. எடுக்கும் உரிமையும் அவருக்கில்லை. படமும் அதை நியாயம் என்று வாதிடவில்லை. அவளைப் பேண ஒருவரும் முன்வராத ஊரையே அது நம்முன் நிறுத்துகிறது.

இரு படங்களையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் சிற்றூர் மனிதர். இரண்டிலும் பணத்தால் நேர்ந்த நெருக்கடி. இரண்டிலும் மக்களை அடக்கி வைத்திருக்கும் செல்வர். ஒன்றில் கதவு திறக்கிறது; ஊரே உள்ளே வருகிறது. மற்றதில் எவரும் வருவதில்லை. இவ்வேறுபாட்டிற்கு வறுமையின் அளவு மட்டும் காரணமன்று. வேங்கடம் விரும்பிய மகிழ்ச்சி தம் மகள் ஒருத்திக்கே உரியது. அதற்காகத் தனியே திருடினார், தனியே நெய்தார், இறுதியில் தோழர்களின் கூலியையும் விட்டுக்கொடுத்தார். எல்லாரும் பட்டு உடுத்தும் நாளுக்காகப் போராடியவர், தம் வீட்டில் ஒரு பட்டு போதும் என்று இறங்கினார். அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அந்த நிலைக்கு அவரைத் தள்ளிய கூலிமுறையே முதற்குற்றவாளி. ஆயினும், தனித்துத் தேடிய மகிழ்ச்சி முழங்காலளவுக்கும் போதாத புடவையாய் நின்றுவிடுகிறது என்பதை அப்படம் மறக்கவொண்ணாதபடி காட்டுகிறது. ஜார்ஜோ தம் தேனிலவுப் பணத்தையே ஊருக்குக் கொடுத்தவர். அவருடைய இறுதி மகிழ்ச்சி வானத்திலிருந்து விழுந்ததன்று. ஆண்டுக்கணக்கில் அவரே இழை இழையாக நெய்தது.

துயரப் படத்திற்கும் ஓர் ஆபத்து உண்டு. ‘காஞ்சிவரம்’ கண்டு கண்ணீர் சிந்திவிட்டு, அதே வாரத்தில் காந்தி சாலைக் கடையில் புடவை விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேச நம்மால் முடியும். அழுதுவிட்டோம் என்னும் நிறைவே போதுமானதாகிவிடுகிறது. அப்போது அந்தக் கண்ணீரும், இகழப்படும் இதமான படத்தின் இனிப்பும் ஒரே தரத்தனவே.

கோர்வை

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்புக் கோர்வை. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வோர் ஓட்டத்திலும் உடலின் இழை கரையின் இழையோடு கோக்கப்படுகிறது. ஒருவரால் இதனை எளிதில் செய்ய இயலாது. மறுபுறக் கரையின் நாடாவை எறியத் துணையாள் ஒருவர் வேண்டும். முற்காலத்தில் அத்துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்ததும், பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் எத்தனையோ பிள்ளைகள் தறியருகே அமர்ந்ததும் இவ்வூரின் துயர வரலாறு. கிந்தனார் கதைக்கு இங்கும் தேவை இருந்தது.

நல்ல இதமான படமும் கோர்வை போன்றதே. துயரம் ஒரு நிறம், மகிழ்ச்சி மற்றொரு நிறம். தனித்தனியே நெய்து ஓரத்தில் ஒட்டினால் பிரிந்துவிடும். ஒவ்வோர் ஓட்டத்திலும் கோத்தால் நிலைக்கும். 2015-இல் திரைக்கு வந்த மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ அவ்வாறு கோக்கப்பட்டது. பீட்சா உண்ண ஏங்கிய சேரிச் சிறுவர் இருவர் அக்கடை வாயிலில் அடிபடுகின்றனர். பின்னர் அதே கடையில் வரவேற்கப்பட்டு அமர்கின்றனர். உண்டபின் பாட்டி சுட்டுத் தந்த தோசையே மேல் என்கின்றனர். நாம் சிரிக்கிறோம், ஆனால் விழுந்த அறை நம் கன்னத்திலும் எரிந்துகொண்டே இருக்கிறது. ‘காஞ்சிவர’த்தின் அதே பிரகாஷ்ராஜ் தயாரித்து நடிக்க, ராதாமோகன் இயக்கிய ‘மொழி’யிலும் (2007) மகனை இழந்த துயரில், அவன் இறந்த காலத்திலேயே மனம் உறைந்துபோன முதியவர் ஒருவர் வருகிறார். நண்பர்கள் அவரை மனம்விட்டு அழச்செய்வதே அந்தச் சிரிப்புப் படத்தின் மிக இதமான காட்சி.

‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ (1987) இன்னும் தெளிவாக இதனைச் சொல்கிறது. டென்மார்க்கின் கடற்கரைச் சிற்றூரில் அடைக்கலம் பெற்ற பிரெஞ்சுச் சமையற்காரி ஒருத்திக்குப் பரிசுச்சீட்டில் பத்தாயிரம் பிராங்க் கிடைக்கிறது. முழுவதையும் ஒரே ஒரு விருந்துக்காகச் செலவிட்டு, ஒருவரோடொருவர் மனக்கசப்புற்றிருந்த முதியோரை ஒரு மேசையில் மகிழவைக்கிறாள். பரிசு பெறுவதோடு நம் படங்கள் முடியும்; இப்படமோ பரிசைக் கொடுத்துத் தீர்ப்பதில் முடிகிறது. பிறரை மகிழ்விப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகத் திருத்தந்தை பிரான்சிஸ், 2016-இல் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட தம் ஊக்கவுரையில் இப்படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்.

கானாவூர்ப் பணியாளர்

நம் ஆண்டவர் தம் முதல் அரும் அடையாளத்தைத் துக்கவீட்டில் செய்யவில்லை. கானாவூர்த் திருமண வீட்டில், விருந்தின் மகிழ்ச்சி குன்றாதிருக்கச் செய்தார். மனத்தை மகிழ்விக்கும் கலைக்கு இதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டுவதில்லை. ஆனால் யோவான் நற்செய்தி அங்கே ஒரு நுண்ணிய செய்தியைத் தருகிறது. பந்தி மேற்பார்வையாளர் இரசத்தைச் சுவைத்தார். அது எங்கிருந்து வந்தது என்பதை அறியார். அறிந்திருந்தவர்கள் ஆறு கற்சாடிகளையும் விளிம்புவரை நிரப்பிய பணியாளர்களே. விருந்தினர் அனைவரும் மகிழ்ந்தனர். மகிழ்ச்சியின் ஊற்றை உழைத்தவர்கள் மட்டுமே கண்டனர்.

இதமான படம் ஒன்றைக் கண்டு முடித்தபின் நாம் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. இம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதைப் படம் நமக்குக் காட்டிற்றா? யாரோ ஒருவர் எதையேனும் கொடுத்ததால் அது வந்ததா, அல்லது எவருக்கும் எச்செலவுமின்றி வானத்திலிருந்து விழுந்ததா? பார்த்தபின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றுகிறதா, அல்லது நம் கதவை இன்னும் இறுகச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிறதா? நம் பங்குகளில் இளையோருக்குப் படம் திரையிடும்போது, கதைச் சுருக்கத்தைக் கேட்பதைவிட இதனைக் கேட்டு உரையாடுதல் பயன் தரும்.

படம் காணாத நேரத்திற்கும் இக்கேள்வி உரியதே. நம் இல்லத் திருமணங்களுக்குக் காஞ்சிப் பட்டு எடுக்கிறோம்; ஆலயத்தில் அதன் பளபளப்பைக் கண்டு மகிழ்கிறோம். அதனை நெய்தவருக்குக் கூலி நேரே சென்றதா, தறியில் நெய்ததுதானா, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்க இயலுமா என்று விசாரித்து வாங்குவது சிறு செயலே. விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரால் விற்கப்படும் இந்நாளில், நெசவாளரின் பிள்ளைகள் தறியை விட்டுத் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் இந்நாளில், அந்தச் சிறு செயலுக்கும் மதிப்பு உண்டு.

ஜார்ஜ் பெய்லியின் ஊரும் வேங்கடத்தின் ஊரும் திரையில் மட்டும் இருப்பனவல்ல. நம் பங்கில் கடன் சுமையால் கதவடைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒரு குடும்பம், நோயுற்ற பிள்ளையைப் பேண ஆளின்றித் தவிக்கும் ஒரு தந்தை, இன்று எந்த ஊரில் வாழ்வதாக உணர்கின்றனர்? அவர்களுக்காக மன்றாடிய குரலும், அவர்கள் வீட்டுப் படியேறிய காலும் நம்முடையனவாக இருப்பின், மனத்திற்கு இதமான படங்களைக் கண்டு நாம் தாராளமாகச் சிரிக்கலாம்.